கல்யாண கேசட்: நாடா முதலில் சாகுமா, டெக் முதலில் சாகுமா?

பரணிலும் பீரோவின் அடித்தட்டிலும் கிடக்கும் வீடியோ கேசட்டுகளைப் பற்றி நேரெதிரான இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. "2025 முடிந்துவிட்டது, இனி பழைய கேசட் எதுவும் ஓடாது" என்பது ஒன்று. "எங்கள் வீட்டில் 1989 கல்யாணக் கேசட் இன்றும் பளிச்சென்று ஓடுகிறதே" என்பது மற்றொன்று. முதல் பேச்சை நம்பியவர்கள் கேசட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் இன்னும் பத்து வருடம் தள்ளிப்போடலாம் என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் கேசட் போய்விடும்.

போவது வெறும் கேசட் என்றால் இத்தனை விளக்கம் தேவையில்லை. செல்போனுக்கு முந்தைய காலத்தில் மறைந்தவர்கள் நடந்து, சிரித்து, யாரையோ அதட்டிய பதிவு பல குடும்பங்களில் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. போட்டோவில் முகம் மட்டும்தான் மிஞ்சும். நடையும் குரலும் மிஞ்சாது.

2025 என்ற கெடு எங்கிருந்து வந்தது?

ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இல் ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. காந்த நாடாவில் உள்ளதை எல்லாம் 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாவிட்டால் பெரும்பகுதி கைநழுவிப் போகும் என்பது அதன் சாரம். 2019-இல் யுனெஸ்கோவும், ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து இதே எச்சரிக்கையை உலக அளவில் எழுப்பின.

அந்த ஆண்டு பிறந்ததும் நாடா அழிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. நாடாவை ஓட்டும் கருவியான டெக், அதன் உதிரிபாகம், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கை ஆகிய மூன்றும் அதற்குள் அருகிவிடும் என்பதுதான் கணக்கு. அது பலித்தும் விட்டது. வீடியோ கேசட் ரெக்கார்டர்களைக் கடைசி வரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. 2015-இல்கூட அது சுமார் 7.5 லட்சம் கருவிகளை விற்றிருந்தது. விற்பனை குறைந்துவந்தது, உள்ளே போட உதிரிபாகமும் கிடைப்பது அரிதாகிவிட்டது.

ஆகவே தலைப்பில் உள்ள கேள்விக்குப் பதில்: சுமாராக வைத்திருந்த நாடாகூட இன்னும் சில ஆண்டுகள் தாங்கலாம். டெக் தாங்காது.

கேசட்டுக்குள் என்ன இருக்கிறது?

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஜேவிசி நிறுவனம் 1976-இல் கொண்டுவந்த விஎச்எஸ் வகை. நாடாவின் அகலம் 12.65 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். 'இ-180' என்று போட்ட மூன்று மணி நேரக் கேசட்டில் சுமார் 255 மீட்டர் நாடா சுற்றியிருக்கும்.

நாடாவின் அடிப்பாகம் பாலியஸ்டர். அது எளிதில் கெடாது. அதன் மேல் இரும்பு ஆக்சைடு துகள்கள் ஒரு பிசினில் கலந்து பூசப்பட்டிருக்கும். படம் அந்தத் துகள்களில்தான் இருக்கிறது. கெடுவது துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பிசின்.

டெக்குக்குள் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். அதன் விளிம்பில் பதித்த நுண்ணிய 'ஹெட்'கள் நாடாவைச் சாய்வாக வருடி, நொடிக்கு 50 கோடுகளைப் படிக்கும். ஒரு கோட்டின் அகலம் 49 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடி. நாடா ஒரு தலைமுடி அளவு விலகினாலும் படம் உடைவது இதனால்தான்.

ஒலியின் வழி தனி. சாதாரண ஒலி நாடாவின் மேல் ஓரத்தில் நேர்கோடாகப் பதிவாகியிருக்கும். படத்தை நிலையாக ஓட்டும் கட்டுப்பாட்டுக் குறிகள் கீழ் ஓரத்தில் இருக்கும். மேல் ஓரம் கசங்கினால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். கீழ் ஓரம் கசங்கினால் படம் உருளும், ஆடும்.

எது கெடுகிறது, ஏன்?

1. பூஞ்சை. நம் பக்கத்துக் கேசட்டுகளின் முதல் எதிரி இதுதான். ஈரப்பதம் நீண்ட நாள் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை வளரும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் 70 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே பாருங்கள். சுற்றிய நாடாவின் பக்கவாட்டு, கறுப்பாக, ஒரே பரப்பாக மின்ன வேண்டும். வெண்புள்ளியோ சாம்பல் பூத்த மாதிரியோ தெரிந்தால் பூஞ்சை.

2. பிசின் இளகுவது. பிசின் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெல்லச் சிதையும். ஓடும்போது கீச்சென்ற சத்தம், பாதியில் நின்றுபோவது, ஹெட்டில் பழுப்பு மெழுகு போல ஒட்டுவது ஆகியவை இதன் அடையாளம். விஎச்எஸ் நாடாவில் இது பூஞ்சை அளவுக்கு அதிகமில்லை.

3. வெப்பம். மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே உள்ள பரண், மே மாதத்தில் நாடாவுக்கு உலை. நாடா சுருங்கி விரிந்து, சுற்று தளர்ந்து, ஓரம் மடங்கும்.

4. காந்தம். எல்லோரும் பயப்படுவது இதற்கு. உண்மையில் வீட்டுக் கேசட்டை இது அழிப்பது அபூர்வம். ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே வைக்காமல் இருந்தால் போதும்.

5. கை. கேசட்டின் முதுகில், இடது ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் பல் இருக்கும். அது உடைக்கப்படாமல் இருந்தால் அந்தக் கேசட்டில் மறுபடி பதிவு செய்ய முடியும். கல்யாணத்தின் நடுவில் திடீரென்று டிவியின் 'ஒளியும் ஒலியும்' பாட்டு நிகழ்ச்சி வந்துவிடுவது இப்படித்தான். கணினிக்கு மாற்ற எடுத்த அன்றே, முதல் வேலையாக அந்தப் பல்லை உடைத்துவிடுங்கள்.

பூஞ்சை பிடித்திருந்தால்

டெக்கில் போடவே கூடாது. ஒரு கேசட்டின் பூஞ்சை ஹெட்டிலும் உருளைகளிலும் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். நாடா அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில வாரம் வைத்தால் பூஞ்சை காய்ந்து பொடியாகும். அது உயிரோடு, ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் உதிரும். பிறகு வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து, ஐந்து ஸ்குரூக்களைக் கழற்றிக் கூட்டைத் திறந்து, இரண்டு சக்கரங்களையும் நாடாவோடு வேறொரு சுத்தமான கூட்டுக்கு மாற்ற வேண்டும். நாடாவை மெல்லச் சுற்றிக்கொண்டே நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் நிற்கக்கூடாது. முன் அனுபவம் இல்லாதவர்கள் கல்யாணக் கேசட்டில் இதைப் பழகிப் பார்க்கக்கூடாது. ஏதாவது பழைய சினிமா கேசட்டில் கை பழகட்டும்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போல் சேற்றுநீர் புகுந்த கேசட்டுகளுக்கு விதி வேறு. சேறு உள்ளே காய்வதற்குள் சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். ஹேர் டிரையர், வெயில் இரண்டும் கூடாது. அன்று காயவைத்து அப்படியே பெட்டியில் போட்ட கேசட் இருந்தால், அதைப் பூஞ்சைக் கேசட்டாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

குரல் எங்கே போனது?

மாற்றிய கேசட்டைப் போட்டுப் பார்க்கும் பலருக்கு வரும் ஏமாற்றம் இது. தாத்தா வாயசைக்கிறார், கேட்பது சினிமாப் பாட்டு. கல்யாண வீடியோக்களில் இதயமும் ரோஜாவும் மிக்ஸிங் செய்த அதே மேசையில், ஒலியையும் எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டார்கள். அன்று அதுதான் கேசட்டுக்கே அழகு. மிக்ஸிங் இல்லாத கேசட்டை யாரும் மதிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் குரல் முழுக்கப் போயிருக்கும் என்று முடிவுகட்டும் முன் நான்கு இடங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, முகூர்த்த நேரம். கெட்டிமேளத்தை யாரும் பெரும்பாலும் நீக்கவில்லை. நாதஸ்வரத்துக்குப் பின்னால் "தள்ளி நில்லுப்பா, மறைக்குது" என்று கேட்கும் குரல்கூட ஒருவருக்குப் பொக்கிஷமாக இருக்கும்.

இரண்டாவது, இரண்டு பாட்டுகளுக்கு நடுவிலும் கேசட்டின் கடைசியிலும் உள்ள இடைவெளிகள். படம் முடிந்து நீலத்திரை வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். நாடா முழுவதும் தீரும்வரை ஓட விடுங்கள்.

மூன்றாவது அதிகம் பேருக்குத் தெரியாதது. ஹை-ஃபை வசதியுள்ள கருவியில் பதிவான கேசட்டில் ஒலி இரண்டு இடத்தில் இருக்கும்: மேல் ஓரத்திலும், படம் பதிந்த பரப்பிலேயே படத்துக்கு அடி அடுக்கிலும். ஏற்கெனவே பதிவான நாடாவில் 'ஆடியோ டப்' மூலம் பாட்டைச் சேர்த்தால் மேல் ஓரம் மட்டும்தான் அழியும். அடியில் உள்ள ஒலியைப் படத்தை அழிக்காமல் மாற்ற முடியாது. ஹை-ஃபை டெக்கில் போட்டு, ஒலித் தேர்வை 'நார்மல்', 'ஹை-ஃபை' என்று மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். வேறு நாடாவுக்கு நகல் எடுக்கும்போது பாட்டைக் கலந்திருந்தால் இந்த வழி பலிக்காது. பலித்தால், முப்பது வருடம் கழித்து மண்டபத்தின் சத்தம் அப்படியே திரும்பிவரும்.

நான்காவது, சம்பந்தி வீடு. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று நகல் போயிருக்கும். வெளிநாட்டில் உள்ள அண்ணனுக்கும் ஒன்று போயிருக்கலாம். ஒரு நகலிலிருந்து இன்னொரு நகல் எடுக்கும்போதெல்லாம் படம் மங்கும். ஆகவே யாரிடம் இருப்பது முதல் நகல் என்று விசாரியுங்கள். ஒன்றில் கசங்கிய இடம் மற்றதில் நன்றாக இருக்கலாம். இரண்டையும் மாற்றி வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

குரல் இருக்கிறது, ஆனால் தலையணைக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கிறது என்றால் குற்றம் நாடாவில் இல்லாமல் டெக்கில் இருக்கலாம். ஒலி ஹெட்டின் சாய்வைச் சரிசெய்ய ஒரு சின்ன ஸ்குரூ உண்டு. விவரம் தெரிந்த மெக்கானிக், கேசட் ஓடும்போதே அதைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று திருப்பிக் குரல் தெளியும் இடத்தில் நிறுத்துவார்.

பாட்டையும் பேச்சையும் பிரிக்கும் மென்பொருள்கள் இப்போது உண்டு. வாத்திய இசையை அவை நன்றாகவே நீக்கும். பாடகரின் குரலும் தாத்தாவின் குரலும் அவற்றுக்கு ஒன்றுதான், இரண்டும் சேர்ந்தே வரும்.

டெக் கிடைத்தால் என்ன பார்க்க வேண்டும்?

பத்து, பதினைந்து வருடம் சும்மா கிடந்த டெக்கில் நேராகக் கல்யாணக் கேசட்டைத் தள்ளுவதுதான் மிகப் பெரிய தவறு. ரப்பர் பெல்ட் இறுகியோ தளர்ந்தோ போயிருக்கும். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை கண்ணாடி போல வழவழப்பாகியிருக்கும். நாடா உள்ளே சுருண்டு மாட்டிக்கொள்வது இதனால்தான்.

முதலில் வேண்டாத ஒரு கேசட்டைப் போட்டு முன்னும் பின்னும் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஹெட்டைத் துடைக்கலாம்: 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மான்தோல் போன்ற மெல்லிய தோல் துண்டு. தோலை உருளையின் மீது லேசாக வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையின் மேற்பகுதியைச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடையும். காது குடையும் பஞ்சுக்குச்சி வேண்டாம். ஒரு நூலிழை ஹெட்டில் சிக்கினாலே போச்சு.

கேசட் எந்த நாட்டு முறையில் பதிவானது என்பதும் முக்கியம். இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஜெர்மனி ஆகியவை பிஏஎல் முறை: 625 வரி, நொடிக்கு 25 படம். கனடா, அமெரிக்கா என்டிஎஸ்சி: 525 வரி, ஏறக்குறைய 30 படம். பிரான்ஸ் சீகாம். டொரான்டோவில் நடந்த கல்யாணத்தின் கேசட் யாழ்ப்பாணத்து டெக்கில் கறுப்பு வெள்ளையாக உருண்டால் கேசட் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பல முறைகளையும் ஏற்கும் மல்ட்டி சிஸ்டம் டெக் வேண்டும், அவ்வளவுதான்.

கணினிக்கு மாற்றும் முறை

1. கேசட்டை ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்தில் வைத்திருங்கள். பூஞ்சையோ பிசுபிசுப்போ இல்லையென்றால் ஒருமுறை கடைசி வரை ஓட்டி, மறுபடி தொடக்கத்துக்குச் சுற்றுங்கள். இறுகிக் கிடந்த நாடா சமமாகும்.

2. டெக்கில் எஸ்-வீடியோ வெளியீடு இருந்தால் படத்துக்கு அதையே எடுங்கள். இல்லையென்றால் மஞ்சள் வயர். ஒலிக்கு இரண்டு வழியிலும் வெள்ளை, சிவப்பு வயர்கள்.

3. டெக்கைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி கேப்சர் கருவியின் மென்பொருளில் முறையைப் பிஏஎல் என்று மாற்றுங்கள். மலிவான கருவிகள் பல என்டிஎஸ்சி-யில் தொடங்கும். படம் உருளுவதற்கு முதல் காரணம் அதுதான்.

4. அளவு 720×576, நொடிக்கு 25 படம். ஒன்றுவிட்ட வரிகளாகப் பதிவான படத்தைப் பதிவு செய்யும்போதே ஒரே முழுப்படமாகச் சேர்க்க ('டீஇன்டர்லேஸ்') வேண்டாம். அது பிறகு செய்யும் வேலை. அவசரப்பட்டால் அசைவில் பாதி போய்விடும்.

5. இழப்பில்லா வடிவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 ஜிபி ஆகும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 100 ஜிபி ஒதுக்குங்கள். அதிலிருந்து குடும்பத்தாருக்கு அனுப்ப எச்.264 என்ற சுருக்கிய வடிவில் நகல் எடுக்கலாம்; நொடிக்கு 8 மெகாபிட் வைத்தால் மணிக்கு 3.6 ஜிபி.

6. படத்தின் அடியில் சில வரிகள் எப்போதும் கிழிந்தது போல் தெரியும். அது பழுதல்ல, ஹெட் மாறும் இடம். டிவியின் சட்டம் அதை அன்று மறைத்திருந்தது.

7. நிமிர்ந்த தூண்கள் பாம்பு போல் நெளிந்தால், வரிகளை நேராக்கும் டைம் பேஸ் கரெக்டர் தேவை. விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகையான எஸ்-விஎச்எஸ் டெக்குகள் சிலவற்றில் அது உள்ளேயே உண்டு. பழைய டிவிடி ரெக்கார்டர் சிலவற்றை டெக்குக்கும் கணினிக்கும் இடையில் இணைத்தாலும் நெளிவு பெருமளவு நிற்கும்.

8. உதடும் ஒலியும் போகப் போக விலகினால் கணினி சில படங்களைத் தவறவிட்டிருக்கிறது. மற்ற நிரல்களை மூடிவிட்டு மறுபடி எடுங்கள்.

கடையில் கொடுப்பதானால்

மூன்று கேள்வி கேட்டால் போதும். "டிவிடியா, ஃபைலா?" ஃபைலாக, பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ வாங்குங்கள். "கடைசி வரை ஓட்டி எடுப்பீர்களா, வெட்டிச் சுருக்குவீர்களா?" வெட்டக்கூடாது. "மூலக் கேசட் திரும்பக் கிடைக்குமா?" கட்டாயம் வாங்கிவிடுங்கள். 'ஏஐ மூலம் 4கே தரம்' என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். விஎச்எஸ் படத்தில் கிடையாகச் சுமார் 240 கோடு விவரம்தான் உண்டு; மீதியை அந்த மென்பொருள் கற்பனையில் நிரப்பும். பின்வரிசையில் நிற்கும் அத்தையின் முகம் வேறு யாரோ முகமாக மாறிவிடும். அசல் ஃபைலைக் கையில் வாங்கிய பிறகு, தனி நகலில் வேண்டுமானால் செய்து பார்க்கலாம்.

"நாங்கள் 2006-லேயே டிவிடி போட்டுவிட்டோமே"

கடைகளில் எழுதித் தந்த டிவிடி, சினிமா டிவிடி போல அச்சடித்தது அல்ல. லேசர் சுட்ட சாயப் படலத்தில்தான் தகவல் இருக்கிறது. வெப்பமும் வெளிச்சமும் அந்தச் சாயத்தை வெளிறச் செய்யும். நாடா கெட்டால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் பார்க்கலாம். டிவிடி ஓர் எல்லையைத் தாண்டினால் ஒன்றுமே வராது. மேலும் மூன்று மணி நேரத்தை 4.7 ஜிபி-க்குள் அமுக்கியதால் ஏற்கெனவே விவரம் போயிருக்கும். டிவிடியை இன்றே கணினியில் நகல் எடுங்கள். கேசட் இருந்தால் அதிலிருந்தும் புதிதாக எடுங்கள்.

யூடியூபில் ஏற்றிவைத்தால் போதாதா? அது பார்க்கும் இடம், பாதுகாக்கும் இடமல்ல. ஏற்றும்போதே படம் மறுபடி அமுக்கப்படும். பின்னணியில் உள்ள சினிமாப் பாட்டுக்கு உரிமையாளர் இருப்பார். ஒலி அடைக்கப்படலாம், வீடியோவே முடக்கப்படலாம். வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், வேறு ஊரில் உள்ள உடன்பிறந்தவர் வீட்டில் இன்னொன்று, கிளவுடில் ஒரு நகல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு

கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, புத்தகம் போல நிமிர்த்தி, ஈரச் சுவரைத் தொடாத அலமாரியில் வையுங்கள். நல்ல டெக் பின்னால் கிடைத்தால் இன்னும் நன்றாக எடுக்க முடியும்.

அதற்குப் பிறகும் ஒரு வேலை மீதம் உண்டு. அதற்குக் கருவி வேண்டாம், ஆள் வேண்டும். பந்தியில் ஹாலஜன் விளக்கும் கேமராவும் இலை இலையாக நகரும்போது சிலர் கூச்சத்தில் முகத்தைத் திருப்புவார்கள், ஒருவர் கையைக் காட்டி மறைப்பார், ஒரு குழந்தை அப்பளத்தோடு அண்ணாந்து பார்க்கும். இவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடியவர் குடும்பத்தில் இன்று ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவரை டிவி முன் உட்காரவைத்து, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். நேரத்தையும் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: "42-ஆவது நிமிடம், இரண்டாம் பந்தி, இடமிருந்து மூன்றாவது, பெரியம்மாவின் தம்பி". மூன்று மணி நேரக் கேசட்டுக்கு இரண்டு மாலைப்பொழுது ஆகும். அவர் சொல்வதைச் செல்போனில் ஒலிப்பதிவும் செய்துகொண்டால், எழுத விட்டுப்போனதைப் பிறகு சேர்க்கலாம்.